'நைஸ்' என்ற ஒரு சொல்லும் இரண்டு மணி நேரமும்: பிரிக்பீல்ட்ஸ் ஆங்கில வகுப்பு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய கடைவீடு ஒன்றின் மாடியில், பெரியவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஆங்கில வகுப்பில் எட்டு வாரம் படித்து முடித்தேன். கட்டணம் 240 வெள்ளி (ரிங்கிட்). வாரத்துக்கு ஒரு பெயரடையை எடுத்துக்கொண்டு, அதன் பொருள்களையும் புழக்கத்தையும் இரண்டு மணி நேரம் அலசுவதே இவ்வகுப்பின் முறை. மூன்றாம் வாரம் 'நைஸ்' வந்தது. நான் இங்கே சேர்ந்ததற்கே அந்தச் சொல்தான் காரணம் என்பதால், அதை வைத்தே வகுப்பை மதிப்பிடுகிறேன்.

என்கீழ் வேலை செய்த இளைஞர் ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியபோது, அவரை இரண்டு இடங்களில் 'நைஸ்' என்று மனமாரப் புகழ்ந்திருந்தேன். அதைப் படித்த மேலாளர், "அவருடைய வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டார். ஆளைக் குறித்து வரும்போது இச்சொல் இனிய குணத்தை மட்டுமே சொல்கிறது என்பதும், திறமையைப் பேச வேண்டிய இடத்தில் இதைப் போட்டால் திறமை இல்லை என்று மறைமுகமாகச் சொன்னதாகிவிடும் என்பதும் வகுப்பில்தான் விளங்கின.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான பயிற்றுநர், தமிழையும் மலாயையும் தயங்காமல் துணைக்கு அழைக்கிறார். சாப்பாடு என்றால் 'செடாப்', சட்டை என்றால் 'சந்திக்', ஆள் என்றால் 'பாயிக்', பயணம் என்றால் 'செரோனோக்' என்று மலாயில் நாம் பிரித்துச் சொல்லும் நான்கையும் ஆங்கிலம் ஒரே 'நைஸ்'க்குள் அடக்கிக்கொள்வதை அவர் பலகையில் எழுதிக் காட்டினார். எந்தப் பொருள் என்பதைப் பக்கத்தில் வரும் பெயர்ச்சொல்தான் தீர்மானிக்கிறது. இதை இவ்வளவு எளிதாக விளக்கிய பாடநூலை நான் பார்த்ததில்லை.

சொல்லின் பிறப்பு இன்னும் சுவையானது. 'அறியாத' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து கிளம்பி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இதற்கு 'மூடத்தனமான' என்று பொருளாம். பிறகு 'எதையும் நுணுக்கிப் பார்க்கிற' என்றும், 'நுட்பமான' என்றும் மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிய' என்ற பொருள் நிலைபெற்றிருக்கிறது. 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று படித்தவர்கள் எழுதினால், அது இனிமையான வேறுபாடு அன்று, நூலிழை வேறுபாடு. அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அக்காள், மாவை நைஸாக அரைப்பதும், ஆளை நைஸாகப் பேசிக் கவிழ்ப்பதும் எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டார். வகுப்பே சிரித்தது; ஆசிரியை சிரிக்கவில்லை. மாவு அந்தப் பழைய 'நுட்பமான' பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றும், கவிழ்ப்பது முழுக்க நம்முடைய கைச்சரக்கு என்றும், அதை ஆங்கிலத்தில் சொன்னால் வெள்ளைக்காரர் விழிப்பார் என்றும் பொறுமையாக விடையளித்தார். இந்தப் பதிலுக்கே பாதிக் கட்டணம் தகும்.

'நைஸ் அண்ட் வார்ம்' என்பதில் இச்சொல் தனிப் பண்பைச் சொல்லாமல், சூடு இதமாக இருக்கிறது என்று அடுத்த சொல்லுக்கு முட்டுக்கொடுப்பதையும் பார்த்தோம். குளறுபடியைப் பார்த்து 'எ நைஸ் மெஸ்' என்பது கேலி, "ரொம்ப லட்சணம்!" என்று நம் வீட்டில் சொல்வதற்கு நேர்.

குறைகளும் உண்டு. அச்சிட்டுத் தரும் பயிற்சித்தாள் முழுவதும் இங்கிலாந்தின் வானிலையும் தேநீரும்தான். விருந்துக்கு வெறுங்கையோடு போனால் 'நாட் நைஸ்' என்று, அதாவது முறையன்று என்ற பொருளில், கோலாலம்பூரில் நாம் அன்றாடம் பேசுவதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. கேட்ட பிறகு, மணி அடிக்கும் நேரத்தில், அவசரமாகச் சொல்லி முடித்தார்கள். ஓர் அறையில் இருபத்திரண்டு பேர் இருந்தால், ஆளுக்கு இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நேரம் போய்விடுகிறது. குளிரூட்டியின் இரைச்சலில் பின்வரிசைக்குப் பாதி கேட்பதில்லை.

ஆங்கிலத்தை அடியிலிருந்து தொடங்குவோருக்கு இந்த வகுப்பு ஒத்துவராது. இலக்கணம் தெரிந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்கத் தடுமாறுவோர் தாராளமாகச் சேரலாம்; முன்வரிசையில் இடம் பிடிக்கக் கால்மணி நேரம் முன்னதாகவே போய்விட வேண்டும். வண்டி நிறுத்த இடம் தேடி அலைவதைவிட, கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடப்பது மேல்.