26,000 ரூபாய்க்கு ஸ்பீக்கர் மேடை வாங்கினேன், உள்ளே இருந்தது மெத்தைத் துண்டு

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். ஹாலில் இரண்டு டவர் ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் 42 கிலோ. வில்லுப்பாட்டுப் பதிவு ஏதாவது போட்டால் குடத்தில் விழும் அடி நம் நெஞ்சில் வந்து விழும். எனக்குச் சந்தோஷம். கீழ் வீட்டு ஆச்சிக்கு இல்லை. "நீ பாட்டு போட்டா என் ஸ்டாண்டுல தம்ளர் எல்லாம் கிடுகிடுன்னு ஆடுது, பாத்துக்கோ" என்று ஒருநாள் படியேறி வந்து சொல்லிவிட்டார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடு ஒன்று உரசிச் சிணுங்கிக்கொண்டிருந்தன.

பாளையங்கோட்டையில் ஒரு ஆடியோ கடை. பெயர் வேண்டாம். கடைக்காரருக்குப் பேச்சு தேன். "பாத்தியளா அண்ணாச்சி, நெல்லையப்பர் கோயில் தூணைத் தட்டினா ஸ்வரம் வருதுல்லா? கல்லே பாடுதுன்னா உங்க வீட்டுத் தளம் பாடாதா? இதை அடியில வச்சாச்சுன்னா அதோட நின்னுரும்." அவர் காட்டியது ஸ்பீக்கருக்கு அடியில் வைத்து, அதிர்வு தளத்துக்கு இறங்காமல் தடுக்கும் மேடை. ஜோடி 26,000 ரூபாய். உள்ளே ஜப்பான் ஜெல் என்றார். பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும் என்றார், நானும் சரி என்று ஜிபேயில் அனுப்பிவிட்டேன். அங்கே நான் செய்த முட்டாள்தனம் அது. இன்னொன்றை அப்போதே கவனித்திருக்க வேண்டும்: ஸ்பீக்கர் எத்தனை கிலோ என்று அந்த மனிதர் கடைசிவரை கேட்கவே இல்லை.

முதல் சில நாட்கள் தம்ளர் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. பெருக்கும்போது பார்த்தால் இடது ஸ்பீக்கர் லேசாக முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தேன், குமிழி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நாலடி உயரம், 42 கிலோ. சின்னவள் எழுந்து நிற்பதே அதைப் பிடித்துக்கொண்டுதான். அன்று ராத்திரியே இரண்டையும் இறக்கித் தரையில் வைத்துவிட்டேன்.

ஒரு மேடையைக் கவிழ்த்து, ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்பு ரெக்ஸினை பிளேடால் கிழித்தேன். மேலும் கீழும் மரநாரை அமுக்கிச் செய்த எம்.டி.எஃப் பலகை. நடுவில் நாலு மூலையிலும் நாலு ஃபோம் துண்டு. கலர் கலராகத் துணுக்குகளை அமுக்கி ஒட்டியது, மெத்தைக்குள் போடுவார்களே அதேதான். முன்பக்கத்து இரண்டும் அடைபோல நசுங்கிக் கெட்டியாகிக் கிடந்தன. ஜெல் ஒரு சொட்டு இல்லை.

இந்தச் சாமானே மோசடி என்று நான் சொல்லவில்லை. சரியாகச் செய்தால் ஸ்பிரிங் மேடை வேலை செய்யும். கணக்கு இதுதான். ஸ்பீக்கரை வைத்ததும் ஸ்பிரிங் 1 மில்லிமீட்டர் அமுங்கினால் அதன் இயல்பான ஆட்டம் 16 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு 16 தடவை, இருக்கும். 10 மில்லிமீட்டர் அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ். பாட்டின் அதிர்வு அந்த எண்ணைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் போன பிறகுதான் ஸ்பிரிங் அதைத் தடுக்கவே தொடங்கும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் தடுக்காது, கூட்டிவிடும். ஆகவே ஸ்பிரிங்கை எடைக்கு ஏற்றபடி பொறுக்க வேண்டும். எடை குறைவென்றால் விறைத்து நிற்கும். கூடினால் முழுக்க அமுங்கிக் கல்லைப் போல ஆகிவிடும். என் ஃபோமுக்கு நடந்தது இந்த இரண்டாவது. எத்தனை கிலோவுக்கு, எவ்வளவு அமுங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். என் பெட்டியில் ஒரு பூப்படம் இருந்தது.

அப்புறம் நிஜமான விஷயம் வேறு. தளத்தின் வழியாக இறங்கும் அதிர்வைத்தான் எந்த மேடையும் தடுக்கும். காற்றில் போகும் பாஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, கான்கிரீட்டையே ஆட்டிவிடும், அதற்கு மேடை பதில் இல்லை. என் ஹால் 12 அடி அகலம். அந்த அளவுக்கு 48 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சத்தம் தானாகவே திரண்டு வீங்கும். ஸ்பீக்கர் வேறு மூலையில் ஒட்டி நின்றது. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிவைத்து, ஆம்ப்ளிஃபயரில் பாஸைக் கொஞ்சம் இறக்கினேன். பைசா செலவில்லாமல் பாதிக் கடகடப்பு போய்விட்டது. மீதிக்கு ஆச்சி தம்ளர்களுக்கு அடியில் பழைய துண்டு ஒன்றை விரித்துவிட்டார்.

கடைக்குப் போனேன். "நீங்க கிழிச்சிட்டியளே, இனி எப்படி எடுக்க?" என்று கேட்டார். கிழிக்காத மற்றதை நீட்டினேன். "பில் இருக்கா?" என்றார்.

ஜிபே ரசீதையும், 'ஜப்பான் ஜெல்' என்று அவரே அனுப்பிய வாட்ஸப் செய்தியையும் வைத்து, நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. அந்தக் கிழிக்காத மேடையை ரெக்ஸினோடு அப்படியே பரணில் ஏற்றி வைத்திருக்கிறேன். பாளையில் இதே கறுப்பு ரெக்ஸின், பூப்படப் பெட்டி வாங்கினவர்கள் யாராவது இருந்தால், முதலில் ஸ்பீக்கரை இறக்கிவிட்டு எனக்கு எழுதுங்கள்.