ஹெரால்டை இறக்கி மூன்று வருடம்: மச்சான் கேட்ட கேள்விக்குப் பதில்

போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து மச்சான் கூப்பிட்டார். ஒறம்பரை வீட்டுத் தொழுவத்தில் வருடக்கணக்காகக் கிடந்த பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை வாங்கிவிட்டாராம். நலம் விசாரித்து முடிப்பதற்குள், "உங்க வண்டி மாதிரியே இதையும் இறக்கிடலாமுங்களா மாப்ளே?" என்றார். ஸ்பிரிங்கில் கை வைத்து வண்டியின் உயரத்தைக் குறைப்பதைத்தான் சொல்கிறார்.

அன்று காலையில்தான் பின் டயர் இரண்டையும் மாற்றிவிட்டு வந்திருந்தேன். 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தன. வெளிப்பக்கம் பட்டன் புதுசு போல இருக்க, உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை. அந்தக் கடுப்பில், "வேண்டாங்க மச்சான், இருக்கறபடியே ஓட்டுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், மூன்று வருடமாக இத்தனை சந்தோஷம் கொடுத்த வேலையை ஒரே வார்த்தையில் தள்ளியது நியாயமாகப் படவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 1967 மாடல், இரண்டு கதவு, அப்புச்சி வாங்கியது. மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தொங்குகிறது என்று அவர் காலத்திலேயே பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டா, அதாவது வளைந்த இரும்புத் தகடு, கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். ஆள் இல்லாமல் நிற்கும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு, சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சாய்ந்து, அடிப்பகுதி உள்ளே ஒடுங்கி நிற்கும். பார்க்க அழகில்லை என்பது இருக்கட்டும். ஹெரால்டுக்கு அது ஆபத்து.

காரணம் தெரிந்ததுதான். பின் சக்கரம் ஒவ்வொன்றும், எஞ்சின் சக்தியை இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பக்கத்தில் இருக்கும் மூட்டிலிருந்து ஊஞ்சல் போல ஆடுகிறது. வளைவில் டயர் தரையைப் பிடித்துத் தள்ளும்போது வண்டியின் பின்பக்கம் மேலே எழும்புகிறது; எழும்ப எழும்பச் சக்கரம் இன்னும் உள்ளே மடங்குகிறது. அந்த நேரத்தில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னும் மோசம். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் வாங்கியவர்களுக்கும் இந்த அமைப்பு பிடிக்காமல் போய்த்தான், மெட்ராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி 1972-இல் கெசல் காரைக் கொண்டு வந்தபோது பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் நேர் அச்சே போட்டுவிட்டது.

முதலில் போன பட்டறையில் சொன்ன யோசனை: "ஏனுங்க, முன்னாடி காயில் ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுத்து அறுத்துட்டா சுளுவா முடிஞ்சுருமுங்க. பின்னாடி பட்டாவைச் சூடு பண்ணித் தட்டிரலாம்." நான் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அறுத்த காயில் தன் கிண்ணத்தில் ஒழுங்காக உட்காராது. சூடுபட்ட பட்டா தன் பதத்தை இழந்துவிடும். அறுத்ததை ஒட்டவும் முடியாது. இதற்கெல்லாம் மேல், 2021-இல் வந்த பழங்கால வாகன விதிகள் ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு கொடுக்கின்றன. ஆனால் வண்டி அசல் வடிவில், சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். ஆகவே அறுப்பு கிடையாது, வெல்டிங் கிடையாது, புது ஓட்டை கிடையாது. கழற்றிய ஒவ்வொரு சாமானும் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, இன்றைக்கும் எங்கள் வீட்டு அட்டாலியில் இருக்கிறது.

செய்தது இரண்டே வேலை. பின்பக்கம் அந்தக் கூடுதல் பட்டாவை எடுத்துவிட்டு, டிஃபரன்ஷியலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு இரும்புக் கட்டை. ஸ்பிரிங் மேலே போனால் சக்கரமும் மேலே போகும், வண்டி கீழே வரும். கட்டையின் கனத்துக்கு ஏற்ற நீளமான ஸ்டட், அதாவது மரை போட்ட கம்பி, ஆறு வேண்டும். அங்குல மரை என்பதால் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்டட் பொருந்தாது. ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் ஹை டென்சில் கம்பியில் கடைந்து வாங்கினேன். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்குப் போகும் ரேஸ் வண்டிகளுக்குச் சாமான் செய்து பழகிய கை அது. கட்டையின் இரண்டு முகமும் சமமாக இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்து நான்கு மூலையிலும் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார்.

முன்பக்கம் புதுக் காயில். இங்கே மட்டும் பிசகிவிட்டேன். 20 மில்லி இறக்க 20 மில்லி குறைவான காயில் என்று சுற்றச் சொன்னேன். மாட்டினால் மூக்கு 30 மில்லிக்கு மேல் இறங்கிவிட்டது. காயில் உட்காரும் இடம் சக்கரத்துக்கு வெகுவாக உள்ளே தள்ளி இருக்கிறது, அதனால் அங்கே குறைப்பது சக்கரத்தில் பெருகித் தெரியும். இரண்டாவது ஜோடிக்கு 12 மில்லி குறைத்தேன், சரியாக வந்தது. கம்பியின் கனத்தை மட்டும் மாற்ற விடாதீர்கள். விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். ஐந்து சதவீதம் தடித்தாலே விறைப்பு இருபது சதவீதத்துக்கு மேல் கூடிவிடும்.

கொத்தனாரின் தூக்குக்குண்டை மட்கார்டிலிருந்து தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து எத்தனை தூரம் என்று ஸ்கேலில் அளந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் மேல் விளிம்பு 9 மில்லி வெளியே. கூடுதல் பட்டாவை எடுத்ததும் 2 மில்லி வெளியே. கட்டை போட்டதும் 13 மில்லி உள்ளே. அன்று சாயங்காலம் அந்த மூன்றாவது எண்ணை எழுதிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பார்த்தேன். வண்டி காலை ஊன்றி உட்கார்ந்திருந்தது.

அதற்கு அடுத்த வாரம் வால்பாறை ஏறினேன். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. முன்பெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் முதுகுக்குப் பின்னால் ஏதோ எழும்பி, ஒரு நொடி தயங்கி, அப்புறம் விழும். அந்தத் தயக்கத்துக்காகவே ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துப் பழகிய கை என்னுடையது. அன்று பத்தாவது வளைவு வரை அதற்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை. இறங்கும்போது, வேண்டுமென்றே, முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடத்தில், மெதுவான வேகத்தில், வளைவு நடுவில் காலை எடுத்துப் பார்த்தேன். மூக்கு லேசாக உள்ளே திரும்பியதோடு சரி. இருபது வருடம் பயந்து பயந்து ஓட்டிய வண்டி இது. வால்பாறையில் வண்டியை நிறுத்திவிட்டு டீ கூடக் குடிக்காமல் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இனி தொல்லை. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் அச்சு மேலே இடிக்காமல் தடுக்கும் ரப்பர் முட்டுக்கும் அச்சுக்கும் இடையே மிச்சம் மிகக் குறைவு. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முன்னால் வெள்ளைக் கோடு கூட இல்லாத வேகத்தடை ஒன்று இருக்கிறது. அதில் ஏறி இறங்கும்போது "டக்" என்று ஓர் அடி விழும். பின் சீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அது நேரே இடுப்பில் இறங்கும். இரண்டு தடவை பொறுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை பேரூருக்குப் போகும்போது, "நான் பஸ்ஸுலயே வந்துக்கறனப்பா" என்றார். அப்புச்சி ஒரு பட்டா சேர்த்ததற்குக் காரணம் இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ரப்பரை அறுத்துவிட்டால் இடம் கிடைக்கும் என்கிறார்கள். அறுக்க மாட்டேன்.

டயர் விஷயத்தில் கட்டையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சக்கரத்தின் சாய்மானம் டயரை மெதுவாகத்தான் தின்னும். இவ்வளவு வேகமாகத் தேய்ந்ததற்குக் காரணம், பின் சக்கரங்கள் முன்பக்கம் விரிந்து ஓடியதுதான். அலைன்மென்ட் போட்ட இடத்தில் கம்ப்யூட்டரில் ஹெரால்டு என்ற பெயரே இல்லை என்று முன் சக்கரத்தை மட்டும் பார்த்து, பில்லில் நான்கு சக்கரத்துக்கும் காசு வாங்கிவிட்டார்கள். மூன்று வருடம் அதை நம்பியிருந்தேன். இந்தத் தடவை நானே இரண்டு பக்கமும் நூல் கட்டி, பின் சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டில் தகடு மாற்றி நேராக்கினேன். அரை நாள் வேலை.

மச்சான், உங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். ஹெரால்டைக் குடும்பத்தோடு ஓட்டத்தான் வாங்கியிருக்கிறீர்கள். அதனால் இப்போதும் என் பதில் வேண்டாம் என்பதுதான். முதலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பின்னால் கூடுதல் பட்டா இருந்தால் அதை மட்டும் எடுங்கள், சக்கரம் நேராக நின்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். காயிலை யாராவது அறுக்கலாம் என்று சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

என் வண்டியில் கட்டை இருக்கும். தைப்பூசத்துக்கு அம்மாவைப் பழனிக்குக் கூட்டிப் போக வேண்டும். அதற்கு முந்தின நாள் மத்தியானம் கழற்றினால் பொழுது சாய்வதற்குள் வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடும். திரும்பி வந்த மறுநாள் மாட்டிவிடுவேன்.