கால்சியத்தை ஏற்றவும் விற்றார்கள், இறக்கவும் விற்றார்கள்: நீச்சல் குளம் வைத்திருப்போர் கவனத்துக்கு

வீட்டு நீச்சல் குளத்தின் பராமரிப்பை வெளியாட்களிடம் விட்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். ஒரே பராமரிப்பு நிறுவனம் எங்களுக்கு முதலில் கால்சியத்தை ஏற்ற மூட்டை விற்றது. அப்புறம் அதே கால்சியத்தை இறக்க பாட்டில் விற்றது. மூட்டை தேவையே இல்லை. பாட்டிலோ, சொன்ன வேலையைச் செய்யாது.

எங்களுடையது சிமென்ட் பூச்சுக் குளம். வந்தவர் ஒரு ஸ்ட்ரிப்பை, அதாவது நிறம் மாறும் சோதனைத் தாளை, தண்ணீரில் முக்கி எடுத்து, நிறத்தைப் பார்த்துவிட்டு, சர்வீஸ் தாளில் "கால்சியம் குறைவு" என்று எழுதினார். எவ்வளவு என்ற எண் கிடையாது. இப்படியே விட்டால் தண்ணீர் பூச்சைத் தின்றுவிடும் என்றார். அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது: கால்சியம் போதாத தண்ணீர் சிமென்ட் பூச்சிலிருந்தே அதைக் கரைத்து எடுக்கும், தரை சொரசொரப்பாகிவிடும். நம்ப வைத்ததும் அதுதான். ஆனால் எங்கள் தண்ணீரில் கால்சியம் குறைவுதானா என்று அவர் அளக்கவே இல்லை. பெரும்பாலான ஸ்ட்ரிப்கள் காட்டுவது மொத்தக் கடினத்தன்மையை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த அளவை. நிறக் கட்டங்களுக்கு நடுவிலும் பெரிய இடைவெளி இருக்கும். அதை வைத்து, கால்சியத்தை ஏற்றும் கால்சியம் குளோரைடை மூட்டைக் கணக்கில் கொட்டுவது அநியாயம்.

இதோடு இன்னொன்றும் நடந்தது. அவர்கள் போட்டுவந்த குளோரின் தூள் கால்சியம் ஹைப்போகுளோரைட். அதில் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) குளோரின் ஏறும்போது கால்சியம் கடினத்தன்மையும் 7 பிபிஎம் அளவுக்கு ஏறும். தினமும் 3 பிபிஎம் குளோரின் செலவானால், மாதத்துக்கு 60 பிபிஎம்முக்கு மேல் கால்சியம் தானாகச் சேர்ந்துவிடும். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், கால்சியம் ஆவியாகாது. குறைந்ததை ஈடுகட்ட விடும் தண்ணீர் அதன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கொண்டுவரும். ஆக எதுவும் செய்யாமலே ஏறிக்கொண்டிருந்த அளவுக்கு மேலேதான் இந்த மூட்டைகளும் போயின.

நீர்மட்டத்தில் டைல் ஓரம் முழுக்க வெள்ளைக் கோடு வந்தது. தண்ணீர் கலங்கியது. ஹீட்டருக்குள், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போல, சுண்ணாம்பு கட்டிவிட்டது. வெறும் அழுக்கு என்றார்கள். அந்த வெள்ளைப் படிவில் ஒரு சொட்டு அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. அது கால்சியம் கார்பனேட். பிறகுதான் "கடினத்தன்மை குறைப்பான்" என்ற பாட்டில் வந்தது, மாதாமாதம் ஊற்ற வேண்டுமாம்.

அதற்குமேல் பொறுக்க முடியாமல் சொட்டுச் சோதனைக் கிட் வாங்கினேன். செய்வது சுலபம். 10 மில்லி தண்ணீர் எடுத்து, கிட்டில் சொன்ன அளவுக்கு முதலில் காரக் கரைசல் விட வேண்டும். மெக்னீசியத்தைக் கணக்கிலிருந்து விலக்குவது இதுதான். அடுத்து நிறங்காட்டி, தண்ணீர் சிவப்பாகும். கடைசிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் நன்றாகச் சுழற்ற வேண்டும். முழு நீலமானதும் நிறுத்தி, சொட்டுகளை எண்ணிப் பெருக்க வேண்டும். என் கிட்டில் ஒரு சொட்டு 25 பிபிஎம். நீலமாகாமல் ஊதாவிலேயே நின்றால் தண்ணீரில் தாமிரம் போன்ற உலோகம் இருக்கலாம், பாசிக் கொல்லியிலிருந்து வந்திருக்கும். அப்போது புதிதாகத் தண்ணீர் எடுத்து, கடைசிக் கரைசலில் சில சொட்டுகளை முதலிலேயே விட்டுத் தொடங்குங்கள். அந்தச் சொட்டுகளையும் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்.

குளத்தில் 625. நிரப்பும் தண்ணீரில் 175. சிமென்ட் குளத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 200 முதல் 400 வரை. பாட்டிலை ஊற்றிய பிறகும் அதே 625தான்.

ஏன் என்றால், அந்தப் பாட்டிலில் இருந்தது பாஸ்போனிக் அமில வகைச் சரக்கு. அது கால்சியத்தைப் படியவிடாமல் பிடித்து வைக்கும், வெளியேற்றாது. குளோரின் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைப்பதால் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். படிவைத் தடுக்கும் மருந்து என்று விற்றிருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. கடினத்தன்மையைக் குறைக்கும் என்று சொல்லி விற்றது ஏமாற்று.

எண்களைக் காட்டிக் கேட்டதற்கு, உங்கள் கிட் தப்பு என்றார்கள். சரி, உங்கள் கிட்டைக் கொண்டுவந்து என் முன்னால் செய்யுங்கள் என்றேன். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

ஏறிய கால்சியத்தை இறக்க, பழைய தண்ணீரை வடித்துக் கால்சியம் குறைந்த தண்ணீரை நிரப்புவதுதான் நடைமுறை வழி. தலைகீழ் சவ்வூடுபரவல் (ஆர்ஓ) கருவியால் வடிகட்டலாம், எல்லாருக்கும் கிடைக்காது. நாங்கள் பாதியை மாற்றினோம், 400க்கு வந்தது. மாற்றும் வரைக்கும் பிஎச்சை (தண்ணீரின் அமில-கார அளவை) 7.2 முதல் 7.4க்குள் வைத்திருந்தோம், ஏனென்றால் பிஎச்சும் காரத்தன்மையும் (அமிலத்தைத் தாங்கும் திறன்) வெப்பமும் ஏற ஏறக் கால்சியம் சுலபமாகப் படியும். எங்கள் குளத்தில் அவர்கள் பிஎச்சை 8க்கு மேலேயே விட்டிருந்தார்கள்.

இப்போது உங்களிடம் யாராவது கால்சியம் மூட்டை விற்க வந்தால், சொட்டுச் சோதனையை உங்கள் கண்முன் செய்து எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். நிரப்பும் தண்ணீரின் எண்ணையும் கேளுங்கள். குளோரின் டப்பாவின் லேபிளைப் படியுங்கள். உங்களுடையது வினைல் அல்லது ஃபைபர் கிளாஸ் குளம் என்றால் கரைவதற்கு அங்கே சிமென்ட் பூச்சே கிடையாது. பூச்சு கெடும் என்று சொல்லி விற்பவரை உள்ளே விடாதீர்கள். தண்ணீரை மாற்ற வேண்டி வந்தாலும் ஒரேயடியாக முழுவதும் வடிக்க வேண்டாம். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் சமயத்தில் காலிக் குளம் மண்ணிலிருந்து மேலே தூக்கப்பட்டு விரிசல் விடலாம், வினைல் விரிப்பு சுருங்கிக் கிழியலாம். பகுதி பகுதியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் தண்ணீர் நன்றாகக் கலந்த பிறகு அளந்து பாருங்கள்.