மணலில் நிற்காத செடிகளும் நீளச் சாவணமும்

விடிய எழும்பிப் பார்த்தால் மீன் தொட்டியில் நட்ட வலிஸ்நேரியாச் செடி மூன்றும் தண்ணீருக்கு மேலே மிதக்கும். பின்னேரம் நட்டதை இரவோடு இரவாகக் கொரிடோராஸ் மீன்கள் கிளறிப் போட்டிருக்கும். இரண்டு மாதம் இதே கதை. கடைசியில் திருகோணமலை நகரிலுள்ள ஒரு மீன் கடையில் செடி நட 27 சென்ரிமீற்றர் நீளச் சாவணம் (இடுக்கி) ஒன்றும், செடிக்குச் சுற்றும் ஈயப் பட்டி பத்தும் வாங்கினேன். சாவணம் 1,400 ரூபாய், பட்டி 300.

ஈயப் பட்டியில் எனக்குப் பாதி மனம்தான். கையாலேயே வளைகிற மெல்லிய நாடா அது. முதல் தடவை நன்றாக இறுக்கிச் சுற்றிவிட்டேன். ஒரு கிழமையில் சுற்றிய இடம் கறுத்து அழுகி, செடி மேலே வந்துவிட்டது, ஈயம் மட்டும் மணலுக்குள் கிடந்தது. அதன் பிறகு தண்டுக்கு ஒரு துண்டுப் பஞ்சு வைத்து, நகம் நுழையும் அளவு தளர்வாகச் சுற்றினேன், அது நின்றது. ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

சாவணம்தான் கொடுத்த காசுக்குப் பெறுமதி. விரலால் நட்டால் பெரிய குழி விழும், கையை எடுக்கும்போது செடியும் கூடவே வரும். இதிலோ வேரை நுனியால் பிடித்துச் சரிவாகக் குத்தி, பிடியைக் கொஞ்சமாக விட்டு, மெல்ல ஆட்டிக்கொண்டே வெளியே இழுக்க வேண்டும். மணல் தானே சரிந்து துவாரத்தை மூடிவிடும். தொட்டியில் பாதித் தண்ணீர் இருக்கும்போது நடுங்கள், இலை செடியை மேலே இழுக்காது. வலிஸ்நேரியாவை ஆழமாகப் புதைத்துவிட்டு, வேரும் இலையும் சேரும் வெள்ளைக் கழுத்து தெரியும்வரை மெதுவாக உயர்த்த வேண்டும். கழுத்து புதைந்தால் அழுகும்.

ஆனால் ஒன்றரை அங்குல மணலில் எந்தச் சாவணமும் உதவாது. நான் மூன்று அங்குலமாக்கினேன். எங்கள் ஊரில் கடற்கரை மணலை அள்ளத்தான் மனம் வரும். ஒரு பிடியில் வினாகிரி விட்டுப் பார்த்தேன், நுரைத்தது. அதிலிருக்கும் சிப்பித்தூள் தண்ணீரைக் கடினமாக்கும். அதனால் வீட்டு வேலைக்கு வந்த ஆற்று மணலில் இரண்டு வாளி எடுத்து, கலங்கல் போகுமட்டும் அலசிப் போட்டேன்.

கடையில் ஒரு குறை. அனுபியாஸ் என்ற செடியையும் மணலில் புதைக்கச் சொன்னார்கள், அதன் கிடைத்தண்டு அழுகிப் போனது. அதை நூலால் கல்லில் கட்டியிருக்க வேண்டும். விற்கிறவர்கள் இதைத் தெரிந்து சொல்லவேண்டாமா? அதே கடையில் நின்ற தம்பி சொன்ன வேறொரு வார்த்தையால்தான் என் கிரிப்டோகொரைன் வெண்டி என்ற நீர்ச்செடி பிழைத்தது. நட்ட நாலாம் நாள் இலையெல்லாம் கரைந்ததும் பிடுங்கி எறியப் போனேன். “அண்ணா, வேர் உயிரோட இருக்கும், தொடாதீங்க” என்றார். இலங்கைக்கே உரிய செடி அது, இடம் மாறினால் இப்படித்தான் கரையுமாம். மூன்றாம் கிழமை புது இலை விட்டது. நேற்றுக் கண்ணாடி ஓரமாகக் குனிந்து பார்த்தேன். வெள்ளை வேர் தொட்டியின் அடிவரை இறங்கியிருக்கிறது.