வீட்டுக்குள் கீரை வளர்க்கும் கருவியும் அண்ணாச்சி கடைத் தனியாவும்

வெயில் எட்டாத அடுக்குமாடி வீட்டில் கீரை வளர்க்க எண்ணி, எல்இடி விளக்கு பொருத்திய மண்ணில்லா வளர்ப்புக் கருவி ஒன்றை வாங்கிச் சென்னையில் எங்கள் சமையலறை மேடையில் வைத்திருக்கிறேன். 4 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 12 குழிகள், 24 வாட் விளக்கு, தண்ணீரைச் சுழலவிடும் சிறிய பம்பு, இவ்வளவுதான் கருவி. கீரைக்கும் தழைக்கும் இதைத் தாராளமாக வாங்கலாம். காய்கறிக்கு வாங்க வேண்டாம்.

கருவியோடு விற்கும் விதைத் தொகுப்பைத் தவிர்த்துவிடுவது நல்லது. விலை அதிகம் என்பதோடு, அதில் வருபவை பெரும்பாலும் லெட்யூஸ், பேசில் போன்ற மேல்நாட்டுத் தழைகள். நம் சமையலுக்கு அன்றாடம் வேண்டிய கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் மளிகைக் கடையில் வாங்கும் முழுத் தனியாவிலிருந்தும் வெந்தயத்திலிருந்துமே முளைக்கும். ஆனால் சரக்கு புதிதாக இருக்க வேண்டும். பழைய தனியா சரியாக முளைப்பதில்லை.

இந்த இடத்தில்தான் பழைய அண்ணாச்சி கடையை நினைத்து மனம் ஏங்குகிறது. வாய் சுருட்டிய மூட்டைகள் வரிசையாக நிற்கும்; ஒரு கை அள்ளி, முகர்ந்து பார்த்து, பழையது என்று தோன்றினால் திரும்பப் போட்டுவிட்டு வரலாம். "தனியா புதுசா அண்ணாச்சி?" என்று அம்மா கேட்டால், "இது போன வருசத்துதும்மா, அடுத்த வாரம் புதுசு வந்துரும், அப்ப வாங்கிக்கங்க" என்று தன் வியாபாரத்தையே தள்ளிவைத்துச் சொல்வார். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டிப் பொட்டலம் கட்டும்போது, மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, விரலாலேயே அறுத்துவிடுவார். இன்று அங்காடியில் வாங்கும் பாக்கெட்டில் அடைத்த தேதி இருக்கிறது. அறுவடையான தேதி இருப்பதில்லை, முகர்ந்து பார்க்கவும் வழியில்லை. எனவே இன்னும் சில்லறையாக எடைபோட்டுத் தரும் கடை அருகில் இருந்தால், விதைக்காக அங்கேயே செல்லுங்கள்.

தனியாவின் ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு விதைகள் இருப்பதால், உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து உடைத்தே ஊன்ற வேண்டும். வெந்தயம் இரண்டு மூன்று நாளில் முளைவிட்டு, மூன்று நான்கு வாரத்தில் அறுப்புக்கு வந்துவிடும். கொத்தமல்லிக்குப் பொறுமை வேண்டும். கத்திரி வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் சூடேறி, அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து, வேர் அழுகிவிடுகிறது. அந்த மாதங்களில் வெந்தயத்தோடு நிறுத்திக்கொள்வது மேல். விளக்கு நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்குச் சுமார் 10 யூனிட்டுக்கு மேல் போவதில்லை.

ஊட்டச்சத்துக் கரைசல் இரண்டு புட்டிகளில் வருகிறது. அவற்றைத் தண்ணீர் சேர்க்காமல் நேரடியாகக் கலந்தால், ஒன்றிலுள்ள கால்சியம் மற்றதிலுள்ள பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்ந்து வெண்மையாகப் படிந்து வீணாகிவிடும். இவ்வளவு முக்கியமான எச்சரிக்கையைக் கையேட்டில் அச்சிடாதது பெரிய குறை.

பெட்டியின் மேல் தக்காளியும் குடைமிளகாயும் காய்த்துக் குலுங்கும் படம் இருக்கிறது. விளக்குத் தண்டோ ஓரடிக்கு மேல் உயராது. காற்றும் வண்டும் வராத அறையில் தக்காளிப் பூவை நாமே விரலால் தட்டி அசைத்துவிட்டால்தான் பிஞ்சு ஒழுங்காகப் பிடிக்கும். அந்தப் படத்தை நம்பிப் பணம் போட வேண்டாம். இருவர் மூவர் உள்ள வீட்டில் துவையலுக்கும் ரசத்துக்கும் அவ்வப்போது கிள்ளிப்போடத் தழை வேண்டுமென்றால் 12 குழிகளே போதும். விதைத் தொகுப்பு இல்லாமல் கருவியை மட்டும் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள்.