நீர்மருதா, வெள்வேலா? உப்புக்காற்று வாசலுக்கு எது?

தேவிபட்டினம் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் ஏழு வருஷத்துக்கு முன் இரண்டு கன்று வைத்தேன். நிழலும் வேண்டும், மார்கழி, தையில் பட்டையும் பார்க்க அழகாக இருக்க வேண்டும். இடப்பக்கம் நீர்மருது, வலப்பக்கம் வெள்வேல். பூவரசு வைக்கலாமே என்று கேட்காத ஆளில்லை. உப்புக்கு அசையாத மரம்தான், ஆனால் பட்டையில் பார்க்க ஒன்றுமில்லை.

அழகை மட்டும் பார்த்தால் நீர்மருதுக்கே முதலிடம். சாம்பல் பட்டை பாளம் பாளமாக உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். தாமிரபரணிக் கரையில் அதைப் பார்த்து ஆசைப்பட்டதுதான் தப்பு. மருத மரத்தைத் தலமரமாகக் கொண்ட ஊர்களைப் பாருங்கள்: ஸ்ரீசைலத்துக்குக் கிருஷ்ணா, திருவிடைமருதூருக்குக் காவிரி, திருப்புடைமருதூருக்குத் தாமிரபரணி. எனக்கு இருப்பதோ உவர்த்தண்ணீர் போர்வெல்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்றாகத் தளிர்க்கும். பங்குனி வந்தால் இலை ஓரம் கருகும். போர் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். குடிக்கவே குடம் கணக்கில் வாங்குகிற வீட்டில் வாரம் நாலு குடம் நல்ல தண்ணீர் அதற்குப் போனது. "மரம் வளர்க்கிறீங்களா, மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிறீங்களா?" என்றாள் வீட்டுக்காரி. நாலாம் வருஷம் ஆள் உயரத்தோடு பட்டுப்போனது.

வெள்வேலுக்கு முதல் கோடையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றினேன், அவ்வளவுதான். இப்போது ஓட்டுக்கு மேல் நிற்கிறது. தை மாதக் காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்த மஞ்சள் கலந்த வெள்ளைத் தண்டு சுண்ணாம்பு அடித்த தூண் மாதிரி இருக்கும். கை வைத்தால் வழுவழுப்பு. சாராயம் காய்ச்ச இந்தப் பட்டையை உரித்துக்கொண்டு போன காலமும் உண்டு.

குறை இல்லாமலா? பொடி இலை என்பதால் சல்லடை நிழல்தான். ஜோடி ஜோடியாக முள், என் சைக்கிள் டயர் இரண்டு தடவை பஞ்சர். நெற்று விழுந்தால் பக்கத்து வீட்டு ஆடுகள் வாசலை விட்டுப் போகாது. சீமைக்கருவேல் அழிக்க வந்த ஜேசிபிக்காரர் இதையும் சேர்த்துப் பிடுங்கப் பார்த்தார். வெள்ளைத் தண்டைக் காட்டித்தான் காப்பாற்றினேன். இந்த வெள்ளையும் கடைசிவரை நிற்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். என்னுடையது இளமரம். கண்மாய்க் கரையில் நிற்கும் கிழட்டு வெள்வேலுக்கு அடிப்பட்டை கருத்துச் சொரசொரத்துவிட்டது.

நீர்மருது நின்ற குழியில் இந்த ஆவணியில் ஒரு பூவரசுப் போத்து நட்டேன். கட்டில் போட்டுப் படுக்க ஒரு நிழல் வேண்டுமே.