பிளெதோராவா, அபண்டன்ஸா?

ஓ லெவல் (உயர்நிலைப் பள்ளித் தேர்வு) ஆங்கிலக் கட்டுரையில், 'நிறைய' என்பதற்கு 'ஏ லாட் ஆஃப்' வேண்டாம் என்றதும் பிள்ளைகள் பாய்ந்து பிடிப்பது பிளெதோராவை (plethora). பக்கத்திலேயே அபண்டன்ஸ் (abundance) சும்மா கிடக்கிறது.

பிறப்பு:
அபண்டன்ஸ் லத்தீன். 'உண்டா' என்றால் அலை. கரை மீறிப் பொங்குவது.
பிளெதோரா கிரேக்கத்திலிருந்து வந்த மருத்துவச் சொல். உடம்பில் ரத்தம் மிகுந்துபோன நோய்நிலையை 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இப்படி எழுதினார்கள். அட்டை விட்டோ நாளத்தைக் கீறியோ ரத்தத்தை இறக்குவதுதான் வைத்தியம். 'மிஞ்சிப்போச்சு' என்கிற அந்த வாடை இன்னும் முழுக்கப் போகவில்லை.

தொனி:
தீபாவளிக்கு முன் சிங்கப்பூரின் தேக்காவில் பூ குவிந்தால் அபண்டன்ஸ்.
ஒரு வேலைக்கு ஒன்பது செயலி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல் என்றால் பிளெதோரா.

இலக்கணம்:
'இன் அபண்டன்ஸ்' சரி. தண்ணீருக்கும் பொருந்தும், மீன்களுக்கும் பொருந்தும்.
'இன் பிளெதோரா' தவறு. 'ஏ பிளெதோரா ஆஃப்' என்று போட்டு, பின்னால் பெரும்பாலும் பன்மைப் பெயர் வரும். 'ஏ பிளெதோரா ஆஃப் வாட்டர்' காதை உறுத்தும்.

உச்சரிப்பு:
அபண்டன்ஸில் அழுத்தம் நடு அசையில்.
பிளெதோராவில் முதல் அசையில். வாய்மொழித் தேர்வில் பலர் 'தோ'வை அழுத்திவிடுகிறார்கள். உண்மையில் அது சுருங்கி, கிட்டத்தட்ட 'பிளெதரா' என்றே ஒலிக்கும்.

மழை, விளைச்சல், அன்பு என்றால் அபண்டன்ஸ். திணறடிக்கும் விதிகள், தெரிவுகள் என்றால் பிளெதோரா. இன்று அதை வெறும் 'நிறைய' என்ற பொருளிலும் எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் ஒரு கட்டுரைக்கு ஒரு தடவை போதும்.